குறைந்த உப்பில் மெக்சிகோவின் குளிர்ந்த கடலுணவும் காய்கறியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாதலஹாரா கடலோர நகரமன்று. ஆனாலும் வெயில் காலத்துப் பிற்பகலில் இங்குள்ள கடலுணவுக் கடைகளில் உட்கார இடம் கிடைப்பது அரிது. இந்நகருக்குக் குடிவந்த பிறகு, சினலோவா மாநிலத்து மசத்லானைச் சேர்ந்த பக்கத்து வீட்டு அம்மையாரிடம் இவ்வுணவுகளைக் கற்றுக்கொண்டேன். வீட்டில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் ஏறி, உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னபோது அவற்றை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. அதன்பின் இங்குள்ள தமிழ்க் குடும்பத்தினரும், ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் உறவினரும் கேட்டுக்கொண்டே இருக்கும் ஐயங்களைக் கூடியவரை அவர்களுடைய சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன்.

செவிச்சே, அகுவாசிலே, கொக்டெல் என்கிறீர்களே, எல்லாம் ஒன்றுதானா?

அல்ல. மெக்சிகோவில் செவிச்சே என்பது பொடியாக நறுக்கிய மீனையோ இறாலையோ எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை சேர்த்து, தொஸ்தாதா எனப்படும் மொறுமொறுப்பான சோள அடையின் மேல் வைத்து உண்பது. அகுவாசிலே சினலோவாவின் உணவு: முதுகில் கீறி விரித்த பச்சை இறாலின் மேல், மிளகாயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அரைத்த நீர்த்த சாற்றை ஊற்றி, வெள்ளரிக்காயும் சிவப்பு வெங்காயமும் பரப்பி, ஊற நேரம் கொடாமல் உடனே பரிமாறுவார்கள். கொக்டெல் இவ்விரண்டிலிருந்தும் வேறு. அதில் இறால் முன்பே வெந்தது, உயரமான கண்ணாடிக் கோப்பையில் குளிர்ந்த தக்காளிச் சாற்றில் மிதப்பது.

காய்கறிப் பக்கத்தில் நோபால் என்னும் கள்ளி மடல் சாலட், ஹிக்காமா என்னும் கிழங்கின் துண்டுகள், காலிஃபிளவர் செவிச்சே, எஸ்கபெச்சே என்னும் வினிகர் ஊறுகாய் ஆகியவை உண்டு. இவற்றில் உப்பு நுழையும் வழி ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால்தான் இத்தனை கேள்விகள் வருகின்றன.

எலுமிச்சைச் சாற்றிலேயே மீன் வெந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பார்வைக்கு வெந்ததுபோல் ஆகும், உண்மையில் வேகாது. எலுமிச்சையின் அமிலம் மீனின் புரதத்தைக் குலைத்து இறுகச் செய்வதால், கண்ணாடிபோல் இருந்த சதை வெண்மையாகிறது. ஆனால் அடுப்பின் சூடு கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் கொல்வதுபோல் அமிலம் கொல்லாது. ஆகவே பச்சை மீனில் செய்த செவிச்சே எவ்வளவு நேரம் ஊறினாலும் பச்சை மீன்தான்.

இங்கு 'லிமோன்' என்று விற்கப்படும் சிறிய, மெல்லிய தோலுடைய பழம் நம் ஊர் எலுமிச்சையேதான். ஆசியாவிலிருந்து ஸ்பானியர் வழியாக மெக்சிகோவுக்கு வந்தது. மிளகாய் இங்கிருந்து நம்மிடம் வந்தது. இரண்டும் கடல் கடந்து இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. எனவே தமிழ்நாட்டில் செய்பவர்கள் எலுமிச்சைக்கு மாற்றுத் தேட வேண்டியதில்லை.

உப்பைக் குறைத்தால் மீன் கெட்டுப்போகாதா? உப்புதானே காக்கும்?

கருவாட்டுக்கு அது பொருந்தும். அங்கே உப்பு மீனின் நீரையெல்லாம் இழுத்து உலர்த்துகிறது. செவிச்சேயில் போடும் ஒன்றிரண்டு சிட்டிகை உப்பால் எதையும் பாதுகாக்க முடியாது. அது நாக்குக்காக மட்டுமே. இவ்வுணவுகளைக் காப்பவை மீனின் புதுமையும் குளிரும்தான். எனவே உப்பைக் குறைப்பதால் ஆபத்து அதிகரிக்காது, கூட்டுவதால் குறையவும் செய்யாது.

இதற்கு ஒரேயொரு விலக்கு, புளிக்கவைக்கும் ஊறுகாய். அதைப் பின்னால் எஸ்கபெச்சே பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

'குறைந்த உப்பு' என்றால் எவ்வளவு? கரண்டிக் கணக்கில் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. அதாவது 2,000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியம். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். பொட்டலத்தில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே உங்களுக்குரியது.

என் வீட்டுக் கணக்கு இது: நால்வருக்கு அரை கிலோ மீன், கால் தேக்கரண்டி உப்பு. அது ஒன்றரை கிராம் உப்பு, ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம், ஆளுக்கு 150. மீனில் இயல்பாகவே உள்ள சோடியத்தையும் சேர்த்தால் ஒருவர் தட்டில் 250 மில்லிகிராம் அளவில் நிற்கும்.

நான் கையால் போடுவது ஒரு சிட்டிகைதான். பிறகு எங்கிருந்து இவ்வளவு உப்பு வருகிறது?

புட்டியிலிருந்தும் பையிலிருந்தும் வருகிறது. கடையில் கிடைக்கும் ஒரு கோப்பை இறால் கொக்டெலை எடுத்துக்கொள்வோம். மூன்று மேசைக்கரண்டி கெட்ச்அப்பில் ஏறத்தாழ 450 மில்லிகிராம் சோடியம். அரைக் கோப்பை தக்காளி–சிப்பிச் சாற்றில் ஏறத்தாழ 400. தொட்டுக்கொள்ளத் தரும் ஐந்து உப்பு பிஸ்கட்டுகளில் ஏறத்தாழ 150. பதப்படுத்திய உறைந்த இறால் 100 கிராமில் 500 வரை. கூட்டினால் 1,500. சமைத்தவர் இன்னும் உப்புச் சாடியைத் தொடவே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதன் மேல் மேசையில் வைத்திருக்கும் காரச் சாஸையும் சிலர் தாராளமாக ஊற்றிக்கொள்வார்கள்.

மெக்சிகோவில் 2020-ஆம் ஆண்டு முதல் அளவுக்கு மீறிய சோடியம் உள்ள பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை பதிக்கப்படுகிறது. என் அடுக்களை அலமாரியை ஒருநாள் திறந்து எண்ணியபோது, செவிச்சேக்கு என்று வாங்கி வைத்திருந்த ஏழு புட்டிகளில் ஐந்தில் அந்த முத்திரை இருந்தது. உப்புக் குறைப்பை அடுப்பில் அல்ல, கடைக்குக் கொண்டுபோகும் பட்டியலில் தொடங்க வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

இறாலில் என்ன உப்பு? அது கடலிலிருந்து வருவதாலா?

கடல்நீரில் வாழ்வதால் சிறிது இருக்கும். 100 கிராம் பச்சை இறாலில் 120 முதல் 150 மில்லிகிராம் வரை சோடியம் இயல்பானது. மிச்சமெல்லாம் தொழிற்சாலையில் சேர்வது. தோலுரித்து உறையவைக்கும் இறால் நீரை இழக்காமல் பருத்துத் தெரிவதற்காக, சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்ற உப்புக் கரைசலில் முக்குகிறார்கள். பையின் பின்புறம் சேர்க்கைப் பொருள்களில் 'இறால்' என்ற ஒரே சொல் இருந்தால் வாங்கலாம். பாஸ்பேட் என்றோ உப்பு என்றோ தொடர்ந்தால் வேண்டாம். வாணலியில் போட்டதும் வெண்ணுரையோடு நீர் விட்டுச் சுருங்கும் இறால் பெரும்பாலும் இந்த வகைதான்.

நண்டுச் சுவையில் விற்கப்படும் சுரிமி குச்சிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவை மீன் விழுதில் உப்பும் மாவும் சேர்த்துச் செய்யப்படுபவை. கழுவினாலும் உப்பு போகாது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்களே, சப்பென்று ஆகிவிடாதா?

பழைய செய்முறையை அப்படியே வைத்துக்கொண்டு உப்பை மட்டும் எடுத்தால் நிச்சயம் சப்பென்றுதான் இருக்கும். எனவே செய்முறையை மாற்ற வேண்டும்.

முதலாவது, உப்பை ஊறல் சாற்றில் போடாதீர்கள். மீன் ஊறிய எலுமிச்சைச் சாறு கவிச்சியும் கசப்பும் ஏறியது. அதை வடித்துக் கொட்டிவிடுகிறோம். அதில் போட்ட உப்பில் பெரும்பகுதி அதனோடு சாக்கடைக்குப் போய்விடும், நாமும் குறைகிறதே என்று மறுபடி போடுவோம். வெறும் எலுமிச்சையில் ஊறவைத்து, வடித்து, புதிதாகப் பிழிந்த சாற்றைச் சிறிது விட்டு, பரிமாறும் நேரத்தில் கல்லுப்பை விரல்களுக்கிடையே நசுக்கி மேலே தூவினால், அது கரைவதற்கு முன்பே நாக்கில் படும். கால் பங்கு உப்பு முழு உப்பின் வேலையைச் செய்யும்.

இரண்டாவது, மணம். குளிர்ந்த உணவிலிருந்து மணம் மெதுவாகவே எழும்; ஆகவே சூடான குழம்புக்குப் போதுமான கொத்தமல்லி இங்கே போதாது. தழையை இரண்டு மடங்காக்கி, தண்டையும் சேர்த்து நறுக்குங்கள். எலுமிச்சைத் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் லேசாகத் துருவிச் சேருங்கள். காய்ந்த சீலே தே ஆர்போல் மிளகாயைக் கோமாலில், அதாவது எண்ணெய் தடவாத தோசைக்கல்லில், பத்துப் பதினைந்து விநாடி மட்டும் வாட்டினால் வேர்க்கடலை வறுத்ததுபோன்ற மணம் வரும். இன்னும் பத்து விநாடி விட்டால் கரிந்து கசந்துவிடும், வீடு முழுவதும் இருமும். உப்பில்லாமல் வறுத்த பூசணி விதையைப் பொடித்துத் தூவுவதும் நல்லது.

மூன்றாவது, குளிரவைத்த பிறகே சுவை பாருங்கள். அறைச் சூட்டில் சரியாக இருந்தது குளிர்பெட்டியிலிருந்து வரும்போது மந்தமாகத் தோன்றும்; அப்போது கை முதலில் எலுமிச்சைக்குப் போகட்டும், அதற்குப் பிறகும் போதாவிட்டால் மட்டும் உப்புக்குப் போகட்டும். முதல் இரண்டு வாரம் வீட்டில் முணுமுணுப்பு இருக்கும். பிறகு நாக்கு பழகிவிடும். எங்கள் வீட்டில் இப்போது கடைச் செவிச்சேயைத்தான் உப்புக் கரிக்கிறது என்று ஒதுக்குகிறார்கள்.

எந்த மீன் நல்லது? வஞ்சிரத்தில் செய்யலாமா?

தாராளமாக. மெக்சிகோவின் பசிபிக் கரையில் செவிச்சேக்கு விரும்பி வாங்கப்படும் 'சியர்ரா' மீன் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கொலிமா பக்கத்தில் அதைக் கொத்துக்கறிபோல் மிகப் பொடியாகக் கொத்தி, துருவிய கேரட் சேர்த்துச் செய்வார்கள். கேரட்டின் இனிப்பு இருப்பதால் உப்புக் குறைவது தெரிவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். அகபுல்கோ வகையில் ஆலிவ் காய் சேரும். அது உப்புநீரில் கிடந்த காய் என்பதால், ஆலிவைப் பாதியாக்கி நீரில் அலசிச் சேர்த்துவிட்டு, மேலே உப்பே தூவ வேண்டாம்.

ஆனால் வஞ்சிரம், காணாங்கெளுத்தி, சூரை ஆகியவற்றில் ஒரு சிக்கல் உண்டு. பிடித்த பிறகு பனிக்கட்டியில் வைக்காமல் விட்டால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும்; முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி வரும். அதை எலுமிச்சையும் போக்காது, உறையவைப்பதும் போக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. எனவே விலை கேட்கும் முன் மீன் எப்போது வந்தது, எதில் வந்தது என்று கேளுங்கள். குவாதலஹாராவை ஒட்டிய சபோபானில் உள்ள மெர்காதோ தெல் மார் மீன் சந்தைக்கு நான் விடியற்காலையில் போவது இதற்காகத்தான்.

கெட்ச்அப் இல்லாமல் கொக்டெல் சாறு வருமா?

வரும், சற்று வேலை வாங்கும். நால்வருக்கு அரை கிலோ பழுத்த தக்காளி, கால் வெங்காயம், தோலோடு இரண்டு பல் பூண்டு ஆகியவற்றைக் கோமாலில் தோல் கருகும் வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். குவாஹியோ என்னும் காய்ந்த மெக்சிகோ மிளகாய் ஒன்றை விதை நீக்கி வாட்டிச் சுடுநீரில் ஊறவையுங்கள். உரித்த இறாலின் தலையையும் ஓட்டையும் வாணலியில் சிவக்க வதக்கி, இரண்டு கோப்பை நீர் விட்டு, பிரிஞ்சி இலையும் மிளகும் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஒன்றரைக் கோப்பை சாறு கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, ஓர் ஆரஞ்சின் சாறும் இரண்டு எலுமிச்சையின் சாறும் கலந்து, நன்றாகக் குளிரவையுங்கள்.

கெட்ச்அப்பின் இனிப்பை ஆரஞ்சும், அதன் கனத்தைச் சுட்ட தக்காளியும், சிப்பிச் சாற்றின் கடல் சுவையை இறால் ஓடும் ஈடுசெய்கின்றன. இறாலை வேகவைக்கும் நீரிலும் உப்பு வேண்டாம். வெங்காயத் துண்டும் எலுமிச்சைத் தோலும் போதும். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடத்தில் உள்வரை வெளுத்துச் சுருளும். உடனே பனிக்கட்டி நீருக்கு மாற்றுங்கள்.

கறுப்பு அகுவாசிலேயில் சோயா சாஸ் ஊற்றுகிறார்களே, அதை எப்படிக் குறைப்பது?

சாதாரணச் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அதோடு வூஸ்டர் சாஸும் மாகி என்னும் உப்புச் சுவையூட்டிச் சாறும் சேர்ந்தால் அந்த வேளையோடு அன்றைய பங்கு முடிந்துவிடும். நான் காய்ந்த மிளகாயையும் அரை வெங்காயத்தையும் வேண்டுமென்றே கருக்கி அரைத்து நிறத்தைக் கொண்டுவருகிறேன்; சோயா நால்வருக்குமாக ஒரு தேக்கரண்டி. மசத்லான் அம்மையார் இதை அகுவாசிலே என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொள்வார்.

நோபாலின் கொழகொழப்புப் போகச் சோடா உப்புப் போடச் சொன்னார்களே, அது உப்புக் கணக்கில் வருமா?

வரும், பலரும் தவறவிடும் இடம் இதுதான். நோபால் என்பது நாம் சப்பாத்திக்கள்ளி என்று சொல்லும் செடியின் இளம் மடல். வேகவைக்கும் நீரில் சமையல் சோடா போட்டால் கொழகொழப்புக் குறையும். ஆனால் சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட், ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கும் மேல் சோடியம் உண்டு. நீரை வடித்தாலும் ஒரு பகுதி காயில் தங்கும். பச்சை மடலில் கல்லுப்பைப் பிசறிக் கழுவும் முறையும் அப்படித்தான்.

மாற்றாக, நறுக்கிய நோபாலை நீர் விடாமல் அகன்ற வாணலியில் மூடி வதக்கி, அது தானே விடும் கொழகொழ நீர் வற்றும்வரை திறந்து விடுங்கள். வெண்டைக்காய் வதக்கியவர்களுக்கு இந்தப் பக்குவம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறியபின் தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, காய்ந்த ஓரிகனோ, எலுமிச்சை சேர்த்துக் குளிரவைக்கலாம். சாலட்டின் மேல் வழக்கமாக உதிர்க்கும் பாலாடைக்கட்டியிலேயே உப்பு இருப்பதால், அது உண்டென்றால் தனி உப்பு வேண்டாம்.

மீன் சாப்பிடாதவர்களுக்கு என்ன செய்வது?

காலிஃபிளவரைப் பொடியாகக் கொத்தி, இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, மேலே சொன்ன செவிச்சே முறையிலேயே செய்யலாம், காளானும் ஏற்றது. ஹிக்காமா என்ற கிழங்கு நீர்ச்சத்தும் மெல்லிய இனிப்பும் உடையது. கீற்றாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் போதும். அதன்மேல் தூவும் மிளகாய்–எலுமிச்சைப் பொடியை மட்டும் கவனியுங்கள். தஹீன் என்ற பெயரில் கடையில் விற்கும் அப்பொடியில் கால் தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 190 மில்லிகிராம் சோடியம், அதாவது எடையில் ஏறக்குறைய பாதி உப்பு. வாட்டிய மிளகாயை வீட்டிலேயே பொடித்து, காய்ந்த எலுமிச்சைத் தோல் துருவலோடு கலந்து வைத்துக்கொண்டால் அது தேவைப்படாது.

எஸ்கபெச்சேயிலும் உப்பைக் குறைக்கலாமா?

கேரட், காலிஃபிளவர், ஹலபேன்யோ மிளகாய் ஆகியவற்றை 5 விழுக்காடு அமிலமுள்ள வினிகரில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து ஒன்றிரண்டு வாரத்தில் தீர்க்கும் வகை என்றால் குறைக்கலாம். அங்கே காப்பது வினிகரே, அதை மட்டும் நீர் விட்டு மிகவும் நீர்த்துப்போகச் செய்யக் கூடாது. வினிகர் இல்லாமல் உப்புநீரில் புளிக்கவைக்கும் வகையில் உப்பைக் குறைக்கவே கூடாது. வேண்டாத கிருமிகளைத் தடுத்து நிறுத்துவது அங்கே உப்புதான். முன்னர் விலக்கு என்று சொன்னது இதையே. டப்பா மிளகாயைப் பயன்படுத்தினால் அதன் நீரைக் கொட்டி, காயை அலசிக்கொள்ளுங்கள்.

சோடியம் குறைந்த பொட்டாசியம் உப்பு வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

சிலருக்குத் தீரும், சிலருக்கு உயிராபத்தாகும். உலக சுகாதார நிறுவனம் 2025-இல் பெரியவர்களுக்கு இத்தகைய மாற்று உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரக நோயாளிகளை அதிலிருந்து விலக்கியது. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில இரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். அவர்களுக்கு அவகாடோவும் தக்காளியும்கூட அளவோடுதான். உப்புக் குறைந்த கொக்டெல் என்பதாலேயே அது சிறுநீரக நோயாளிக்கு ஏற்ற உணவாகிவிடாது.

மோனோசோடியம் குளுட்டமேட், அதாவது அஜினோமோட்டோ, பற்றியும் கேட்கிறார்கள். அதிலும் சோடியம் உண்டு, ஆனால் எடைக்கு எடை சமையல் உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்களவே. கொக்டெல் சாற்றில் ஒரு சிட்டிகை போடுவதில் தவறில்லை. இறால் ஓட்டுச் சாறு இருக்கும்போது எனக்குத் தேவைப்பட்டதில்லை.

கர்ப்பிணிப் பெண்ணும் வயதானவரும் வீட்டில் இருக்கிறார்கள். மீனை உறையவைத்துவிட்டுச் செய்தால் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் உறையவைத்தால் ஒட்டுண்ணிப் புழுக்கள் சாகும்; ஆனால் கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான கடற்கரை நீரில் வாழும் விப்ரியோ கிருமிகள் கல்லீரல் நோயாளிகளுக்கு மிகவும் கொடியவை. வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதி பல வேளைகளில் மைனஸ் 20-ஐ எட்டுவதுமில்லை. கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், கல்லீரல் நோயுற்றவர்கள் ஆகியோருக்குப் பச்சைக் கடலுணவு வேண்டாம்.

அதற்காக அவர்கள் செவிச்சேயை மறக்க வேண்டியதில்லை. மீனை நடுப்பகுதி 63 டிகிரி எட்டும்வரை ஆவியில் வேகவைத்து, ஆறவைத்து உதிர்த்து, அதன்பின் எலுமிச்சையும் தழைகளும் சேர்த்துக் குளிரவையுங்கள். வெந்த மீன் சாற்றை விரைவாக இழுத்துக்கொள்வதால் பத்து நிமிடம் ஊறினாலே போதும், எலுமிச்சையும் பாதியளவே பிடிக்கும். உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்குமே பெரும்பாலும் இதுதான்.

விருந்துக்கு முதல் நாளே செய்து வைக்கலாமா?

பகுதி பகுதியாகச் செய்யலாம். கொக்டெல் சாறு, மிளகாய்ப் பொடி, எஸ்கபெச்சே ஆகியவை முதல் நாளே இருக்கட்டும். வெந்த இறாலைச் சாற்றில் போடாமல் தனியே மூடி வையுங்கள். வெங்காயத்தை எலுமிச்சைச் சாறு கலந்த குளிர்ந்த நீரில் அரைமணி ஊறவைத்துக் காரம் நீக்குவதை அன்று காலையில் செய்துகொள்ளலாம், அதற்கும் உப்பு தேவையில்லை. வெள்ளரி, தக்காளி, அவகாடோ, கொத்தமல்லி கடைசி நேரத்தில். பச்சை மீன் செவிச்சேயை முதல் நாளே கலக்கக் கூடாது. சதை சுண்ணாம்புபோல் உதிர்ந்துவிடும்.

குளிர்பெட்டி 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மேசையில் வைத்த பிறகு இரண்டு மணி நேரம்தான் கெடு. வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம். அகன்ற தட்டில் பனிக்கட்டியைக் கொட்டி அதன்மேல் கிண்ணத்தை அமர்த்தி, சிறிது சிறிதாக வெளியே எடுங்கள். உப்பைக் கிண்ணத்தில் கலக்காமல் ஒரு சிறு தட்டில் கல்லுப்பாகத் தனியே வைத்து, பக்கத்தில் எலுமிச்சை மூடிகளைக் குவித்துவிடுங்கள். விருந்தினரின் கை முதலில் எலுமிச்சைக்குத்தான் போகும்.